மென்பொருள் மாற்றியதும் கிக் எல்லாம் கிரிட் கோட்டுக்குப் பின்னால் விழுகிறது: இதற்கு எந்த செட்டிங் காரணம்?

நள்ளிரவு_டெக்:
வணக்கம் நண்பர்களே. இதுவரை ஒரே டிஜே மென்பொருளைத்தான் வைத்திருந்தேன். புது கன்ட்ரோலர் (மென்பொருளைக் கையால் இயக்கும் பொத்தான் பலகை) வந்ததும் அதோடு ஒத்துப்போகும் வேறொரு மென்பொருளுக்கு மாறினேன். பாடல்கள், ஹாட் கியூ (பாட்டில் ஓரிடத்துக்கு உடனே தாவ வைக்கும் குறி), பீட் கிரிட் (ஒவ்வொரு தாள அடிக்கும் திரையில் விழும் கோடுகள்) எல்லாவற்றையும் மாற்றித்தரும் ஒரு சின்ன கருவி இருந்தது, அதை வைத்தே நகர்த்தினேன். எல்லாம் வந்துவிட்டது. ஆனால் பல பாடல்களில் கிக் (பேஸ் டிரம் அடி) சத்தம் கிரிட் கோட்டின் மேல் விழாமல், மயிரிழை தள்ளிப் பின்னால் விழுகிறது. சில பாடல்களில் கச்சிதமாக இருக்கிறது. இதுதான் குழப்பமே, எல்லாம் தப்பாக இருந்தால்கூட நிம்மதியாக இருக்கும்.

கேட்ட இடத்தில் எல்லாம் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சாம்பிள் ரேட்டை 48க்கு மாற்று என்கிறார் ஒருவர், பஃபரைக் குறை என்கிறார் இன்னொருவர், எம்பி3யைத் தூக்கிப்போட்டு எல்லாவற்றையும் ஃப்ளாக்கில் (தரம் குறையாமல் சுருக்கும் ஃபைல் வகை) வாங்கு என்கிறார் மூன்றாமவர். செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தால் லேட்டன்சி, குவான்டைஸ், கீ லாக், ஆட்டோ கெயின் என்று வரிசையாக நிற்கிறது. இதில் எது என் பிரச்சினையோடு சம்பந்தப்பட்டது, எது இல்லை என்று யாராவது பிரித்துச் சொல்லுங்களேன்.

தாளக்கட்டு:
முதலில் அந்த 48 யோசனையை ஓரமாக வையுங்கள். சாம்பிள் ரேட் என்பது ஒலி அலையை ஒரு வினாடிக்கு எத்தனை முறை அளந்து எண்ணாக எழுதுகிறோம் என்பது, அவ்வளவுதான். சிடியில் 44,100 முறை. மனிதக் காது அதிகபட்சம் கேட்பது 20,000 ஹெர்ட்ஸ் வரை, அதைத் தவறாமல் பதிய இரண்டு மடங்குக்கு மேல் அளந்தால் போதும், அதனால்தான் நாற்பதாயிரத்துக்குச் சற்று மேலே அந்த எண். (ஏன் சரியாக 44,100? ஆரம்பத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில்தான் பதிந்தார்கள். ஒரு கோட்டுக்கு 3 சாம்பிள், ஒரு ஃபீல்டில் 245 கோடு, வினாடிக்கு 60 ஃபீல்டு. பெருக்கிப் பாருங்கள்.) செட்டிங்ஸில் 48,000 வைத்தால் மென்பொருள் உங்கள் 44,100 பாடலை ஓடும்போதே மாற்றிக் கணக்கிட்டு வெளியே அனுப்பும். கிரிட் ஒரு இம்மிகூட நகராது.

பிட் டெப்த் என்பது ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறோம் என்பது. 16 பிட் என்றால் மிக மெல்லிய சத்தத்துக்கும் மிகப் பெரிய சத்தத்துக்கும் இடையில் சுமார் 96 டெசிபல் இடம், 24 பிட் என்றால் கிட்டத்தட்ட 144. பதிவு செய்கிறவர்களுக்கு 24 தேவை. முடித்து வெளியிட்ட பாடலைப் போடுகிற நமக்கு 16 தாராளம்.

பிட் ரேட் வேறு விஷயம், பலர் இதையும் சாம்பிள் ரேட்டையும் போட்டுக் குழப்புவார்கள். ஒரு வினாடி ஒலிக்கு எத்தனை பிட் செலவாகிறது என்பதுதான் பிட் ரேட். சிடி தரத்து வேவ் ஃபைலில் 44,100 × 16 × 2 சேனல், ஆக 1,411 கிலோபிட். நிமிடத்துக்குப் பத்து எம்பி சுமார். எம்பி3யில் அதிகபட்சம் 320. அதாவது கால்வாசிக்கும் குறைவு, மீதியைக் காது கவனிக்காது என்று கணித்துத் தூக்கி எறிந்துவிடுகிறது.

இது எதுவும் உங்கள் பிரச்சினைக்குக் காரணம் இல்லை. எனக்கு இரண்டு விவரம் வேண்டும். ஒன்று, நகர்ந்திருக்கிற பாடல்கள் எந்த ஃபைல் வகை, சரியாக இருப்பவை எந்த வகை? இரண்டு, பாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் விலகல் ஒரே அளவா, அல்லது போகப்போகக் கூடுகிறதா?

ஊசிமுனை:
கிரிட்டை நம்பி மிக்ஸ் பண்ணினால் இப்படித்தான். காதை வைத்துச் செய்யுங்கள், இரண்டு பாட்டின் தாளத்தையும் தானாகச் சேர்க்கும் ஸிங்க் பட்டனில் டேப் ஒட்டிவிடுங்கள். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 ரெக்கார்ட் பிளேயரில் வேகத்தை மாற்றும் பிட்ச் ஃபேடர் கூட்டக் குறைக்க 8 சதவீதம்தான், திரையும் கிடையாது, கோடும் கிடையாது, உலகம் ஆடத்தானே செய்தது?

தாளக்கட்டு:
@ஊசிமுனை அண்ணே, இந்தச் சண்டை வேறு இழையில் நூறு பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. இவர் கேட்பது ஸிங்க் நல்லதா கெட்டதா என்று இல்லை. ஸிங்க் போடாதவருக்கும் லூப்பும் (ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது) ஹாட் கியூவும் இந்தக் கிரிட்டைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

மெல்லலை:
லேட்டன்சி பற்றி நான் சொல்கிறேன், அதிகம் பேர் தடுமாறுகிற இடம் அதுதான்.

நீங்கள் ப்ளே அழுத்தியதற்கும் ஸ்பீக்கரில் சத்தம் வருவதற்கும் இடையே உள்ள தாமதம்தான் லேட்டன்சி. கணினி ஒவ்வொரு சாம்பிளாக அனுப்பாது, ஒரு கட்டாகச் சேர்த்து சவுண்ட் கார்டுக்குக் கொடுக்கும். அந்தக் கட்டின் அளவு பஃபர். 256 சாம்பிள் வைத்தால் 256ஐ 44,100 ஆல் வகுக்க 5.8 மில்லிவினாடி. 512 என்றால் 11.6. 1024 என்றால் 23. ஸ்க்ராட்ச் பண்ணுகிறவர்களுக்கு 10க்குக் கீழே இருந்தால்தான் கை சொல்வதை ஒலி கேட்கிற மாதிரி இருக்கும். ரொம்பக் குறைத்தால் கணினியால் அடுத்த கட்டை நேரத்துக்குத் தயார் செய்ய முடியாமல் டிக் டிக் என்று வெட்டும். அப்படி வெட்டினால் ஒரு படி ஏற்றுங்கள், சரியாகிவிடும். விண்டோஸில் ஏஎஸ்ஐஓ டிரைவர் போடச் சொல்வதும் இதற்குத்தான், இயங்குதளத்தின் வழக்கமான ஒலிப்பாதையைச் சுற்றிக்கொண்டு நேராக சவுண்ட் கார்டுக்குப் போகிறது. மேக்கில் கோர் ஆடியோ இருப்பதால் தனியாக எதுவும் வேண்டாம். புளூடூத் ஹெட்போன் மட்டும் வேண்டவே வேண்டாம், சாதாரணமாகவே நூறு மில்லிவினாடிக்கு மேல் தாமதிக்கும், அதில் பீட் சேர்க்கவே முடியாது.

ஆனால் நள்ளிரவு_டெக், உங்கள் பிரச்சினை லேட்டன்சி இல்லை என்று நானும் சொல்வேன். லேட்டன்சி எல்லாப் பாடலையும் சமமாகத் தள்ளும், அதுவும் காதுக்கு மட்டும்தான். திரையில் தெரியும் வேவ்ஃபார்மில் கோடும் கிக்கும் பிரிந்து நிற்கிறது என்றால் அது பஃபரின் வேலை இல்லை.

நள்ளிரவு_டெக்:
பார்த்துவிட்டேன். ஃப்ளாக், வேவ் எல்லாம் கச்சிதம், ஒன்றுகூட நகரவில்லை. எம்பி3யில்தான் பிரச்சினை, அதிலும் எல்லாவற்றிலும் இல்லை. ஒரே தளத்தில் வாங்கிய பாடல்கள் எல்லாம் சேர்ந்து நகர்ந்திருக்கின்றன, இன்னொரு தளத்தில் வாங்கியவை அப்படியே இருக்கின்றன. பாட்டின் முதலிலும் கடைசியிலும் விலகல் ஒரே அளவு. 128 பிபிஎம் (நிமிடத்துக்கு 128 அடி) பாட்டில் அளந்தால் 1/16 பீட்டைவிடக் கொஞ்சம் குறைவு. மெதுவான பாடல்களில் பீட்டின் பங்காகப் பார்த்தால் அதைவிடவும் சிறியது. ஹாட் கியூக்களும் கிரிட்டோடு சேர்ந்து அதே அளவு தள்ளி இருக்கின்றன.

தாளக்கட்டு:
அப்படியானால் கண்டுபிடித்தாகிவிட்டது.

128 பிபிஎம்மில் ஒரு பீட் 469 மில்லிவினாடி. 1/16 என்றால் 29. அதைவிடக் கொஞ்சம் குறைவு என்கிறீர்கள், அது 26ஆகத்தான் இருக்கும். எம்பி3 ஒலியைச் சின்னச் சின்னச் சட்டகமாக வெட்டி வைக்கும், ஒவ்வொன்றிலும் 1,152 சாம்பிள். 1,152ஐ 44,100 ஆல் வகுங்கள்: 26.1 மில்லிவினாடி. உங்கள் பாடல்கள் சரியாக ஒரு சட்டகம் நகர்ந்திருக்கின்றன. மெதுவான பாட்டில் பீட் நீளம், அதே 26 அதில் இன்னும் சிறிய பங்காகத் தெரிகிறது.

அந்த ஒரு சட்டகம் எங்கிருந்து வந்தது என்றால், பல என்கோடர்கள் (எம்பி3 ஃபைலை உருவாக்கும் மென்பொருள்கள்) ஃபைலின் தொடக்கத்தில் ஒரு தகவல் சட்டகத்தை எழுதி வைக்கும். மொத்தம் எத்தனை சட்டகம், பிட் ரேட் மாறுகிறதா, முன்னும் பின்னும் எவ்வளவு வெற்று ஒலி சேர்த்திருக்கிறேன் என்பதெல்லாம் அதில் இருக்கும். பாட்டு அதில் இல்லை. உங்கள் பழைய மென்பொருள் அதைப் படித்துவிட்டுத் தாண்டிப் போகிறது. புதியது, அந்தத் தகவலின் ஒரு பகுதி விடுபட்டிருக்கிற ஃபைல்களில், அதையும் ஒலி என்று எண்ணி 26 மில்லிவினாடி மௌனமாக ஓட்டுகிறது. அதனால் பாட்டு மொத்தமும் அவ்வளவு தாமதமாகத் தொடங்குகிறது, கிரிட்டோ பழைய இடத்திலேயே நிற்கிறது. எந்த என்கோடர் எப்படி எழுதியது என்பதைப் பொறுத்தது என்பதால்தான் ஒரு தளத்துப் பாடல்கள் எல்லாம் கூட்டமாக நகர்ந்திருக்கின்றன. ஃப்ளாக், வேவில் இந்த வில்லங்கம் கிடையாது, முதல் சாம்பிள் என்றால் முதல் சாம்பிள்தான்.

பாடல்கள் கெடவில்லை, எதையும் திரும்ப வாங்க வேண்டாம். உங்களிடம் உள்ள மாற்றும் கருவியில் இந்த 26 மில்லிவினாடித் திருத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். சில கருவிகள் ஃபைலின் தலைப்பைப் படித்து, தேவையான பாடலில் மட்டும் நகர்த்தும். தயவுசெய்து மொத்த லைப்ரரியையும் திரும்ப அனலைஸ் (மென்பொருளே பீட்டைக் கண்டுபிடித்துக் கிரிட் போடுவது) போடாதீர்கள், கையால் திருத்தி வைத்த கிரிட் எல்லாம் போய்விடும்.

சுருதிப்பெட்டி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், முதலிலும் கடைசியிலும் ஒரே அளவா என்று ஏன் கேட்டீர்கள்?

தாளக்கட்டு:
போகப்போகக் கூடினால் அது வேறு நோய். பிபிஎம் தப்பு என்று பொருள். 128 பிபிஎம் பாட்டை மென்பொருள் 127.98 என்று பிடித்துவிட்டது என்று வையுங்கள். பார்த்தால் ஒன்றும் இல்லை போலத் தோன்றும். ஐந்து நிமிடம் ஓடினால் 0.1 பீட் விலகிவிடும், அதாவது 47 மில்லிவினாடி. முதல் பீட்டில் கச்சிதமாக நின்ற கோடு கடைசியில் தெளிவாகத் தள்ளி நிற்கும். இதற்குக் கோட்டை நகர்த்திப் பயனில்லை, எண்ணைத்தான் திருத்த வேண்டும். கணினியில் உருவாக்கிய பாடலாக இருந்தால் பெரும்பாலும் முழு எண்ணாகத்தான் இருக்கும்.

ஆள் உட்கார்ந்து டிரம்ஸ் அடித்த பழைய பதிவுகளுக்கு இதுவும் உதவாது. அங்கே வேகமே ஏறி இறங்கும். அதற்குத்தான் சில மென்பொருள்களில் பாட்டின் நடுவே கிரிட் வேகத்தை மாற்றிக்கொண்டே போகும் வசதி தந்திருக்கிறார்கள். அரை, இரட்டைக் குழப்பமும் சகஜம், 87 பாட்டை 174 என்று காட்டும். அது பிழையே இல்லை, எந்த அடியை ஒன்று என்று எண்ணுகிறோம் என்பதுதான் வித்தியாசம், பாதியாக்கு என்ற பட்டனை அழுத்தினால் முடிந்தது. இதைவிட முக்கியம் டவுன்பீட், அதாவது நான்கில் முதல் அடி எது என்பது. கோடுகள் எல்லாம் கிக் மேல் சரியாக விழுந்தும், மென்பொருள் மூன்றாவது அடியை முதல் அடி என்று நினைத்திருந்தால், ஸிங்க் போட்டதும் இரண்டு பாட்டும் சேர்ந்துதான் ஓடும், ஆனால் பத்தி மாறும் இடங்கள் மோதும். பல பேர் ஸிங்கைத் திட்டுவது இதனால்தான்.

ஊசிமுனை:
நான் திட்டுவது அதனால் இல்லை 🙂 ஆனால் ஒன்று சொல்கிறேன், வேகம் சேர்ந்துவிட்டால் மிக்ஸ் சேர்ந்துவிட்டது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இரண்டும் 126இல் ஓடலாம், கிக் மட்டும் குதிரை ஓடுவது போல் தடக் தடக் என்று இரட்டையாகக் கேட்கும். வேகம் ஒன்று, ஃபேஸ் (அடிகள் ஒரே நேரத்தில் விழுகின்றனவா என்பது) வேறு. கன்ட்ரோலரில் கையால் சுழற்றும் ஜாக் வீலின் விளிம்பை லேசாகத் தள்ளி இரண்டையும் ஒன்றாக்குவதற்குத்தான் நட்ஜ் என்று பெயர். அந்த 26 மில்லிவினாடி காதில் விழுவதும் அந்த இரட்டைத் தடக்காகத்தான்.

கீ லாக் பற்றி யாரும் சொல்லவில்லையே. வினைலில் வேகத்தைக் கூட்டினால் சுருதியும் ஏறும். சுமார் 6 சதவீதத்துக்கு ஒரு அரைச்சுரம். கீ லாக் போட்டால் சுருதி அங்கேயே நிற்கும், வேகம் மட்டும் மாறும். ஒலியைத் துண்டு துண்டாக நறுக்கி நெருக்கியோ விலக்கியோ ஒட்டுகிற வேலை அது. இரண்டு, மூன்று சதவீதத்தில் தெரியாது. பத்துப் பன்னிரண்டு போனால் கிக்கின் முனை மழுங்கிப் பாடுகிறவர் குரலில் ஒரு நடுக்கம் வரும். சின்ன மாற்றத்துக்கு நான் அதை அணைத்தே வைப்பேன்.

சுருதிப்பெட்டி:
அதோடு சேர்த்து இதையும் சொல்லிவிடலாம். திரையில் 8ஏ, 8பி என்று காட்டுவது கேமலாட் சக்கரத்து எண், எந்தச் சுருதியோடு எது ஒத்துப்போகும் என்று காட்டுகிற சக்கரம் அது. 8ஏ என்றால் ஏ மைனர், 8பி என்றால் சி மேஜர். அதே எண், அல்லது பக்கத்து எண்ணில் அதே எழுத்து, இவை ஒத்துப்போகும். இசைக் கோட்பாடு தெரியாதவர்களுக்கு நல்ல குறுக்குவழி. ஆனால் கீ லாக் அணைத்திருக்கும்போது அந்த எண்ணை நம்பக் கூடாது. 6 சதவீதம் ஏற்றிய 8ஏ பாட்டு உண்மையில் பி ஃபிளாட் மைனராகிவிடும், அது 3ஏ. திரை இன்னும் 8ஏ என்று காட்டிக்கொண்டிருந்தால் பக்கத்தில் எதை வைத்தாலும் நாராசமாகத்தான் இருக்கும்.

நள்ளிரவு_டெக்:
அருமை, எல்லோருக்கும் நன்றி. திருத்தத்தை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். இதற்கிடையில் ஒரு கேள்வி. ஆட்டோ கெயின் போட்டும் மீட்டர் சிவப்புக்குப் போகிறது. பழைய மென்பொருளில் இப்படி இல்லை.

மெல்லலை:
டிஜிட்டலில் 0 டெசிபல் என்பது கூரை. அதற்கு மேல் எண்ணே கிடையாது, அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும், அதுதான் கிளிப்பிங். அனலாக் மிக்ஸரில் 0க்கு மேலும் கொஞ்சம் இடம் உண்டு, சிவப்பைத் தொட்டால் சத்தம் கொழுத்துக் கேட்கும். அந்தப் பழக்கத்தில் லேப்டாப்பிலும் சிவப்பில் ஓட்டுகிறார்கள்.

ஆட்டோ கெயின் செய்வது ஒவ்வொரு பாட்டும் காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்று கணித்து ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது. உச்சத்தை அது பார்ப்பதில்லை, சராசரியைப் பார்க்கிறது. மெல்லிய பழைய பாட்டை அந்த மட்டத்துக்கு ஏற்றினால் அதன் உச்சங்கள் கூரையில் முட்டும். இலக்கு மட்டத்தை இரண்டு மூன்று டெசிபல் இறக்கி வையுங்கள். தவிர இரண்டு பாட்டை ஒன்றாக ஓட்டும்போது சத்தம் கூடத்தான் செய்யும், சாதாரணமாக 3 டெசிபல், இரண்டு பேஸும் ஒரே கட்டத்தில் விழுந்தால் 6 வரைகூட. அந்த வெற்றிடத்தை முன்கூட்டியே விட்டு வைப்பதுதான் ஹெட்ரூம். புதுப் பாட்டின் பேஸைத் திறக்கும்போது பழையதன் பேஸை மூடுவதும் பாதி அதற்காகத்தான்.

கூட்டம் இன்னும் சத்தம் கேட்டால் ஸ்பீக்கர் பக்கம் ஏற்றச் சொல்லுங்கள். உங்கள் கெயினைத் தொடாதீர்கள். உள்ளே 32 பிட் ஃப்ளோட்டில் கணக்கு நடப்பதால் சேனலில் சிவப்பு தெரிந்தாலும் மாஸ்டரை (மொத்த ஒலி அளவை) இறக்கினால் தப்பிக்கலாம் என்று ஒரு வாதம் உண்டு. மென்பொருளுக்குள் மட்டும் மிக்ஸ் செய்தால் அது ஓரளவு உண்மை. தனி மிக்ஸர் வைத்து ஒவ்வொரு டெக்கையும் (ஒரு பாட்டு ஓடும் தடம்) தனித்தனியாக வெளியே எடுத்தால், சேனலிலிருந்து வெளியேறும் இடத்திலேயே வெட்டுப்பட்டுவிடும், அப்புறம் எதை இறக்கினாலும் திரும்பாது.

புதுவரவு:
நான் இப்போதுதான் ஆரம்பிக்கிறேன். 128 கிலோபிட் பாடல்கள் நிறைய இருக்கின்றன, அவற்றை 320க்கு மாற்றிவிட்டால் நல்லாயிருக்குமா?

ஊசிமுனை:
ஆகாது தம்பி. போனது போனதுதான்.

மெல்லலை:
போனது மட்டும் இல்லை, இன்னொரு முறை வெட்டுப்படும். எம்பி3யைத் திறந்து மறுபடி எம்பி3யாக எழுதும்போது இரண்டாவது முறையும் தூக்கி எறியும் வேலை நடக்கிறது. பெயர் 320, தரம் 128ஐவிடக் கீழே. ஸ்பெக்ட்ரம் காட்டுகிற ஒரு மென்பொருளில் போட்டுப் பாருங்கள், ஸ்பெக் என்று இலவசமாகவே கிடைக்கிறது. 128 ஃபைல் பெரும்பாலும் 16, 17 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தியால் வெட்டியது போல் நின்றுவிடும், உண்மையான 320 இருபது வரை ஏறும். 320 என்று எழுதியிருந்து 16இல் நின்றால் யாரோ இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

நல்ல 320க்கும் ஃப்ளாக்குக்கும் கூட்டத்தில் வித்தியாசம் கண்டுபிடிப்பவர் அபூர்வம். ஃப்ளாக்கை நான் விரும்புவது வேறு காரணத்துக்காக, கீ லாக்கில் நிறைய இழுக்கும்போதும், பாட்டிலிருந்து குரலையும் டிரம்ஸையும் தனியாகப் பிரிக்கும் ஸ்டெம் வசதியைப் பயன்படுத்தும்போதும் மூலம் சுத்தமாக இருந்தால் குப்பை குறைவாக வருகிறது. எம்பி3யில் பிரித்தெடுத்த குரலைத் தனியாகக் கேட்டால் அந்தத் தண்ணீருக்குள் பேசுகிற சத்தம் சீக்கிரமே எட்டிப்பார்த்துவிடும்.

நள்ளிரவு_டெக்:
வந்துவிட்டேன். கருவியில் அந்தத் திருத்தம் இருந்தது, ஓட்டினேன், எம்பி3 எல்லாம் கோட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆனால் ஒரு சின்னக் கூட்டம் இன்னும் அடங்கவில்லை. எல்லாம் எம்4ஏ ஃபைல்கள், இவற்றை முதல் முறை நான் சோதிக்கவே இல்லை. அதே மாதிரி நிலையான விலகல்தான், ஆனால் 26 இல்லை, கிட்டத்தட்ட இரட்டிப்பு.

தாளக்கட்டு:
48 மில்லிவினாடிக்கு அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். அது ஏஏசி, எம்4ஏ ஃபைலுக்குள் பெரும்பாலும் இருக்கும் ஒலிச் சுருக்க முறை. ஆப்பிளின் ஏஏசி என்கோடர் தொடக்கத்தில் 2,112 சாம்பிள் வெற்று ஒலி சேர்க்கும், 44,100 ஆல் வகுத்தால் 47.9. அதைக் கழிக்கும் மென்பொருளும் உண்டு, கழிக்காததும் உண்டு. கருவியின் எம்பி3 திருத்தம் இவற்றைத் தொடாது, சில பாடல்கள்தான் என்றால் கையாலேயே நகர்த்திவிடுங்கள். கிரிட்டைப் பின்னோக்கி இல்லை, வலப்பக்கம் 48 தள்ள வேண்டும்.

நள்ளிரவு_டெக்:
47க்கும் 48க்கும் நடுவில் நிற்கிறது. அதேதான். கிரிட்டை நகர்த்தினால் ஹாட் கியூவும் கூடவே வருமா?

தாளக்கட்டு:
பெரும்பாலான மென்பொருளில் வராது, தனித்தனியாக நகர்த்த வேண்டும். குவான்டைஸ் போட்டிருந்தால் வேலை சுலபம், அது நீங்கள் வைக்கும் கியூவை அருகிலுள்ள கோட்டுக்கு இழுத்துக்கொள்ளும். அதனால் முதலில் கிரிட்டைச் சரிசெய்யுங்கள், அப்புறம் குவான்டைஸை ஆன் செய்துவிட்டு ஒவ்வொரு ஹாட் கியூவுக்கும் போய் அழித்து அதே இடத்தில் திரும்ப வையுங்கள். குரல் தொடங்கும் இடத்தில் வைத்த கியூக்களுக்கு மட்டும் குவான்டைஸை அணைத்துவிடுங்கள், பாடுகிறவர் பீட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வாயைத் திறந்திருப்பார், கோட்டுக்கு இழுத்தால் முதல் எழுத்து வெட்டுப்படும்.